கண்ணுல கத்தி பட்டா ஆள் தேறாதா?

எங்க ஊர்ப் பக்கம் பெருசுங்க மத்தியில ஒரு பேச்சு உண்டு. "கண்ணுல கத்தி பட்டா அப்புறம் ஆள் தேறாது." புரை விழுந்து, வாசல்ல யார் வர்றாங்கன்னு தெரியாம, குரலை வச்சே ஆளைக் கண்டுபிடிக்கிற கிழவிகள் ரெண்டு பேர் இன்னைக்கும் எங்க தெருவுல இருக்காங்க. முகாம் வேன் கோயில் வாசல்ல வந்து நின்னாலும் ஏற மாட்டாங்க. ஏன்னு கேட்டா ஒரு பட்டியல் சொல்லுவாங்க. மேலத் தெருக்காரர் கண் ஆபரேஷன் பண்ணி வந்தார், மூணு மாசத்துல படுத்தார். இன்னாரோட மாமியாருக்குப் பார்வை நல்லா வந்துச்சு, ஆனா சாப்பாடு இறங்கல, பொங்கலுக்குள்ள போயிட்டாங்க. இப்படியே போகும் அந்தப் பட்டியல்.

நகரத்துல இருக்கிற நீங்க இதை மூடநம்பிக்கைன்னு ஒரே வார்த்தையில தள்ளிடலாம். எனக்குத் தள்ள மனசு வரல. பட்டியல்ல இருக்கிறவங்க எல்லாம் நான் பார்த்துப் பழகினவங்க. அவங்க ஆபரேஷனுக்குப் போனதும் நிஜம், அதுக்கப்புறம் உடம்பு சரிஞ்சதும் நிஜம். ரெண்டுக்கும் நடுவுல என்ன நடந்துச்சுங்கிறதுதான் யாருக்கும் தெரியாது. அதனால இந்தப் பயம் எவ்வளவு பழசு, எங்கெல்லாம் இருந்திருக்குன்னு தேட ஆரம்பிச்சேன். எனக்குப் படிப்பு பத்தாவதுதான். என் மகள் நர்சிங் படிச்சவ. இங்கிலீஷ்ல இருந்ததை அவ படிச்சுச் சொல்ல, நான் நோட்டுல எழுதிக்கிட்டேன். குறுவை அறுப்பு முடிஞ்சு கொஞ்சம் ஓய்வா இருந்த நாட்கள்ல செய்த வேலை இது.

முதல்ல புரைன்னா என்னன்னு சொல்லிடறேன். நம்ம கண்ணுக்குள்ள, கருவிழிக்குப் பின்னாடி, மொச்சைப் பயறை விடச் சின்னதா ஒரு லென்ஸ் இருக்கு. கண்ணாடி மாதிரி தெளிவா இருக்க வேண்டிய அது வயசாக ஆக மங்கிப் போகும். அதுதான் புரை. மருந்து போட்டுக் கரைக்க முடியாது. அந்த லென்ஸை வழியில இருந்து விலக்கியாகணும்.

பழைய காலத்துல அதை வெளியே எடுக்கத் தெரியாது. கண்ணுக்குள்ள ஊசியை விட்டு, மங்கின லென்ஸைக் கண்ணின் உள்பக்கமா தள்ளி விட்டுடுவாங்க. அடைச்ச கதவைக் கழட்டாம உள்ளே சாய்ச்சு விடுற மாதிரி. வெளிச்சம் உள்ளே போகும், ஆள் நடமாட்டம் தெரியும். சுசுருத சம்ஹிதையில் இந்த முறை சொல்லப்பட்டிருக்கு. ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுகள் இதையேதான் செய்தார்கள். ஊர் ஊராகப் போய் சந்தை நாளில் ஊசி போடுகிற வைத்தியர்களும் இருந்தார்கள். ஊசி போட்ட அன்னைக்குக் கொஞ்சம் தெரியும், காசை வாங்கிக்கிட்டு வைத்தியர் அடுத்த ஊருக்குப் போயிடுவார். கண் சீழ் பிடிச்சதா, உள்ளே அழுத்தம் ஏறினதா, ஆள் படுத்தாரா என்பது அவர் கணக்கில் வராது.

அப்படி ஒரு வைத்தியரிடம் மாட்டிய ஒருத்தரோட கதைதான் என்னை ரொம்ப யோசிக்க வச்சுது. அவர் பெயர் யோஹான் செபாஸ்டியன் பாக். இளையராஜா 1986ல போட்ட 'ஹவ் டு நேம் இட்' கேசட் உங்களில் பல பேர் வீட்டில் இருந்திருக்கும். அதுல 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'னு ஒண்ணு வருமே, அந்த பாக்தான். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் 1723லிருந்து தேவாலயத்துக்கு இசை எழுதி, பையன்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். கடைசிக் காலத்தில் கண் மங்கிவிட்டது. எழுதிப் பிழைக்கிறவருக்குக் கண் போனால் கை போன மாதிரிதான்.

1750 மார்ச் கடைசியில் ஜான் டெய்லர் என்கிற இங்கிலாந்துக் கண் வைத்தியர் லைப்சிக் வந்தார். இங்கிலாந்து ராஜா இரண்டாம் ஜார்ஜுக்குக் கண் வைத்தியர் என்ற பட்டம் வைத்திருந்தவர். பெரிய பேச்சாளர். பாக் அப்போதுதான் 65 வயதைத் தொட்டிருந்தார். ஊசி போட்டுப் புரையைத் தள்ளினார் டெய்லர். சில நாளில் பார்வை திரும்ப மறைந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் மறுபடியும் ஊசி. வைத்தியர் வண்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை பாக்கின் மகன் கார்ல் பிலிப் இமானுவேலும், அக்ரிகோலா என்ற மாணவரும் சேர்ந்து எழுதிய இரங்கல் குறிப்பில் பார்க்கலாம். அது 1754ல் அச்சானது. அதன் சாரம் இது. கண் போனது போனதுதான், திரும்பவில்லை. அதுவரைக்கும் திடமாக இருந்த உடம்பு, அந்த ஆபரேஷனாலும் கூடக் கொடுத்த கெட்ட மருந்துகளாலும் மொத்தமாகக் குலைந்துவிட்டது. அதன் பிறகு அவர் ஏறக்குறைய எப்போதும் நோயாளியாகவே இருந்தார். சாவதற்குப் பத்து நாள் முன்னால் ஒரு காலையில் திடீரென்று கண் தெரிந்தது, வெளிச்சத்தைத் தாங்க முடிந்தது. சில மணி நேரத்துக்குள் பக்கவாதம். பிறகு கடும் ஜுரம். லைப்சிக்கின் நல்ல மருத்துவர்கள் இரண்டு பேர் பார்த்தும் பயனில்லாமல் 1750 ஜூலை 28ஆம் தேதி இறந்தார்.

இதைப் படிச்சதும் எனக்கு எங்க மேலத் தெரு ஞாபகம்தான் வந்துச்சு. வார்த்தைக்கு வார்த்தை அதே பேச்சு. "நல்லாத்தான் இருந்தாரு, கண் ஆபரேஷன் பண்ணாங்க, உடம்பே குலைஞ்சு போச்சு."

அந்த டெய்லர் சும்மா இருக்கல. 1761ல் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதி, லைப்சிக்கில் ஒரு பெரிய இசைக் கலைஞருக்கு நான்தான் பார்வை கொடுத்தேன் என்று பெருமை அடித்துக்கொண்டார். அவருக்கு 88 வயது என்றும் எழுதினார். 65 வயதில் செத்துப்போனவருக்கு 88 வயதில் பார்வை வந்ததாம்! ஹேண்டல் என்ற இன்னொரு பெரிய இசைக் கலைஞருக்கும் 1758ல் இதே டெய்லர் கண் வைத்தியம் பார்த்தார். பார்வை வரவில்லை. 1759 ஏப்ரல் 14ல் ஹேண்டல் இறந்தார்.

பாக்கின் உடம்பு ஏன் சரிந்தது? பின்னால் வந்த மருத்துவர்கள் பலர் இதைப் பற்றி எழுதியிருக்காங்க. அவங்க சொல்றதை மூணாப் பிரிக்கலாம்.

ஒண்ணு, ஊசி. கிருமி என்று ஒன்று இருப்பதே அப்போது வைத்தியர்களுக்குத் தெரியாது. காயத்தில் கிருமியைக் கொல்லணும் என்று ஜோசப் லிஸ்டர் எழுதியது 1867ல்தான். ஒருத்தர் கண்ணில் விட்ட ஊசி அடுத்தவர் கண்ணுக்குப் போயிருக்கும். உள்ளே சீழ் பிடித்து வேதனையும் காய்ச்சலும் வந்திருக்கலாம்.

ரெண்டு, மருந்து. அந்தக் காலத்து வைத்தியம் என்றால் நரம்பைக் கீறி ரத்தத்தை வடிப்பது, பேதிக்குக் கொடுப்பது. 65 வயது உடம்பில் ரத்தத்தையும் நீரையும் வடித்தால் என்ன மிஞ்சும்?

மூணு, ஏற்கனவே உள்ளே இருந்த நோய். ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்திருக்கலாம். கடைசியில் வந்தது பக்கவாதம் என்பதால் இந்தச் சந்தேகம்.

இதில் எது என்று 275 வருஷம் ஆகியும் முடிவாகல. ஆனா இப்படி மூணாப் பிரிச்சு யோசிக்கவாவது முடியுது. ஏன்? அந்த மகன் எழுதி வச்சான். எப்போ ஊசி போட்டாங்க, அதுக்கப்புறம் மருந்து என்ன பண்ணுச்சு, எப்போ பக்கவாதம் வந்துச்சுன்னு வரிசையா எழுதி வச்சான். "வயசாயிடுச்சு, போயிட்டாரு"ன்னு எழுதியிருந்தா நமக்கு ஒண்ணுமே கிடைச்சிருக்காது.

எழுதி வைக்கிறது ஏதோ வெள்ளைக்காரங்க பழக்கம்னு நினைக்க வேண்டாம். நம்ம தஞ்சாவூர்லயே நடந்திருக்கு. 1798லிருந்து 1832 வரைக்கும் இருந்த இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால்னு ஒரு வைத்தியசாலையே நடத்தினார். அங்கே கண் வைத்தியம் செய்துகொண்ட நோயாளிகளின் குறிப்புகள், அவங்க கண்ணை வண்ணத்தில் வரைந்த படங்களோட, இன்னைக்கும் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கு. அந்த நோயாளிகள் சாதாரண ஜனங்கள். யாரோட கண், என்ன நோய், என்ன வைத்தியம் பார்த்தோம் என்று ஒரு ராஜா வீட்டில் எழுதி வைத்திருக்காங்க. பெரிய கோயிலைப் பார்க்கத் தஞ்சாவூர் வர்றவங்க அரண்மனைப் பக்கம் இருக்கிற நூலகத்துக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க.

இனி கதையின் அடுத்த பகுதி. பாக்குக்கு ஊசி போடுவதற்கு மூணு வருஷம் முன்னாடி, 1747ல், பிரான்சில் ஷாக் டேவியல் என்ற மருத்துவர் லென்ஸைத் தள்ளாமல், கருவிழியின் ஓரத்தைக் கீறி வெளியே எடுத்துக் காட்டினார். அதுதான் இன்றைய ஆபரேஷனுக்கு ஆதி. ஆனால் கீறின இடம் மூடணுமே? மெல்லிய தையல் பழக்கத்துக்கு வர ரொம்ப காலம் ஆச்சு. அதுவரை காயத்தைப் பிடித்து வைத்தது கட்டும் அசையாமையும்தான். மல்லாக்கப் படுக்க வைத்து, தலை திரும்பாமல் ரெண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, ரெண்டு கண்ணையும் கட்டிவிடுவார்கள். ஒரு கண் அசைந்தால் இன்னொண்ணும் கூட அசையும் என்பதால் நல்ல கண்ணுக்கும் கட்டு. நாள் கணக்கில், சில இடங்களில் வாரக் கணக்கில்.

என் அப்பாயிக்குக் கண் ஆபரேஷன் நடந்தப்போ நான் நாலாவது படிச்சேன். டவுன் ஆஸ்பத்திரியில ரெண்டு கண்ணையும் கட்டிப் படுக்க வச்சிருந்தாங்க. எங்க அத்தைதான் துணைக்கு இருந்தது. மூணாவது ராத்திரி அப்பாயி எழுந்து உட்கார்ந்து, "மாடு அவுத்துக்கிச்சு, நாத்தங்காலை மேயுது, புடிங்கடா"ன்னு சத்தம் போட்டிருக்கு. எப்பவோ செத்துப்போன எங்க தாத்தாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கு. கட்டைப் பிய்க்கப் பார்த்திருக்கு. ஆஸ்பத்திரியில ஏதோ காத்து கருப்பு அடிச்சிருச்சுன்னு முடிவு பண்ணி, வீட்டுக்கு வந்ததும் மந்திரிச்சுத் திருநீறு போட்டாங்க. அதுக்கப்புறம் அப்பாயி சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒரு வருஷம் போல இருந்துச்சு. பழைய தெம்பு வரவே இல்ல. நான் சொன்ன அந்தப் பட்டியல்ல எங்க அப்பாயி பேரும் இருக்கு.

இதுக்கு ஒரு பேர் இருக்குன்னு எனக்குப் போன வருஷம்தான் தெரிஞ்சுது. 1958ல் அமெரிக்காவில் வைஸ்மன், ஹேக்கெட் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் இதைப் பற்றி ஒரு பெரிய மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் போட்டுக் கிடந்த வயசானவர்கள் திடீரென்று புத்தி தடுமாறி, இல்லாததைப் பார்த்து, எழுந்து ஓடப் பார்த்தார்கள். இதற்குக் கறுப்புக் கட்டுப் பிதற்றல் என்கிற மாதிரி ஒரு பெயர் வைத்தார்கள். அதே 1950களில் கனடாவில் டொனால்ட் ஹெப் என்ற அறிஞரின் குழு, திடகாத்திரமான கல்லூரிப் பையன்களையே எதுவும் தெளிவாகத் தெரியாத கண்ணாடி மாட்டி, சத்தம் தெரியாமல் தனி அறையில் படுக்க வைத்துப் பார்த்தது. சில நாளிலேயே அந்தப் பையன்களுக்கும் இல்லாத உருவம் தெரிய ஆரம்பித்தது. வாலிபனுக்கே அப்படி என்றால் எங்க அப்பாயிக்கு ஏன் மாடு தெரியாது?

அந்த ரெண்டு மருத்துவர்கள் கண்ட வைத்தியம்தான் எனக்கு ஆச்சரியம். பக்கத்தில் உட்கார்ந்து பேசணும். நீ எங்கே இருக்கே, இப்போ பகலா ராத்திரியா, நான் யாருன்னு பொறுமையா திரும்பத் திரும்பச் சொல்லணும். பழகின ஒரு குரல் கூடவே இருக்கணும். மருந்துச் சீட்டுல ஆள் துணைன்னு எழுதின மாதிரிதான்.

அப்புறம் காலம் மாறுச்சு. ரெண்டாம் உலகப் போரில் ஒரு விமானியின் கண்ணுக்குள் விமானக் கண்ணாடியின் பிளாஸ்டிக் துண்டுகள் போய்த் தங்கின. அவை கண்ணை உறுத்தாமல் சும்மா கிடந்தன. அதைக் கவனித்த ஹரால்ட் ரிட்லி என்ற மருத்துவர், 1949 நவம்பர் 29ல் லண்டனில் முதல் முறையாகக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தார். 1967ல் அமெரிக்காவில் சார்லஸ் கெல்மன், சின்னத் துளை வழியே புரையை உடைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். 1976ல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் விரல் கோணிப்போன கையை வைத்துக்கொண்டே ஆபரேஷன் செய்தவர் அவர். 1992லிருந்து அவங்க மதுரையிலேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்ததும், வெளிநாட்டு விலைக்கு விற்ற சாமான் ஏழைபாழைக்கும் கிடைச்சுது. மணல் மூட்டை போச்சு, சோடாபுட்டி போச்சு. காலையில போயி சாயங்காலம் திரும்பி வர்ற வேலையாச்சு.

இப்போ இந்த ஆபரேஷன் உடம்புக்குக் கொடுக்கிற பாரம் ரொம்பக் குறைவு. 2000ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில் 19,000க்கும் மேற்பட்ட புரை ஆபரேஷன்களைப் பார்த்தார்கள். பாதிக்கு முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி. எல்லாம் எடுத்தார்கள், மீதிக்கு அப்படி வழக்கமாக எடுக்கவில்லை. ரெண்டு பக்கமும் உடம்புக் கோளாறு வந்தது ஒரே அளவுதான். அவ்வளவு லேசான வேலை. பார்வை தெளிஞ்சா வயசானவங்க தடுக்கி விழுறதும் குறையும். அதனால அந்தக் கிழவிகள் பயப்படுற மாதிரி கத்தி பட்டா கட்டை சாயும்ங்கிறது இன்னைக்கு உண்மை இல்ல.

பின்ன ஏன் இன்னும் சில பேர் சரியுறாங்க?

எங்க பெரியம்மா விஷயத்தைச் சொல்றேன். 74 வயசு. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. கட்டு அவிழ்த்த அன்னைக்கே, "சுவரு இவ்வளவு அழுக்கா இருக்கே, நீங்கள்லாம் பார்க்கவே மாட்டீங்களா"ன்னு மருமகளைத் திட்டுச்சு. மூணு வாரம் கழிச்சுப் பார்த்தா ஆளே வேற. சோறு வேண்டாம்ங்குது. வாய் கசக்குது, கை விரல்ல எறும்பு ஊருதுங்குது. பகல் பூரா தூக்கம், ராத்திரி பூரா பேச்சு. எழுந்து நடந்தா தள்ளாடுது. வந்து பார்த்தவங்க எல்லாம் ஒரே மாதிரி சொன்னாங்க. "வயசாச்சு. கண்ணுல வேற கை வச்சாச்சு." மகனும் மனசைத் தேத்திக்கிட்டான்.

மகள் மட்டும் தேத்திக்கல. திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை பார்க்கிற பொண்ணு. லீவு போட்டு வந்து, வீட்டுல இருந்த மாத்திரை, சொட்டு மருந்து, சீட்டு எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பையில அள்ளிப் போட்டுக்கிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போச்சு. நானும் கூடப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா மேஜையில எல்லாத்தையும் பரப்பி வச்சு, ஒவ்வொண்ணா எடுத்து, "இது எப்போ இருந்து? எத்தனை வேளை?"ன்னு கேட்டாங்க. அந்தப் பொண்ணு நோட்டுல எழுதிக்கிட்டே வந்துச்சு.

கண் அழுத்தத்தைக் குறைக்கிற அசெட்டசோலமைடுங்கிற மாத்திரை. ஆபரேஷன் முடிஞ்சு மூணு நாளைக்கு எழுதினது. தீர்ந்ததும் பக்கத்து வீட்டுப் பையன் பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில வாங்கிட்டு வந்து கொடுத்துக்கிட்டே இருந்திருக்கான். அந்த மாத்திரை நீரைப் பிரிக்கும், உடம்புல உப்புச் சத்தைக் குலைக்கும், பசியைக் கெடுக்கும், விரல்ல ஊசி குத்துற மாதிரி பண்ணும், வயசானவங்களைக் குழப்பியும் விடும். அடுத்து, சர்க்கரை மாத்திரை. ஆபரேஷன் அன்னைக்கு வெறும் வயிறுன்னு நிறுத்தச் சொன்னதை யாரும் திரும்ப ஆரம்பிக்கல. அடுத்து, பத்தியம். புளி, உப்பு, காரம் கூடாதுன்னு வெறும் கஞ்சி. கண்ணுல வெளிச்சம் படக் கூடாதுன்னு ஜன்னலைச் சாத்தி உள்ளறையில தனியாப் படுக்கை. அதை எந்த டாக்டரும் சொல்லல. எங்க அப்பாயி காலத்து ஆஸ்பத்திரிச் சட்டம், ஆஸ்பத்திரியில செத்துப் போயி எங்க வீடுகள்ல உயிரோட இருக்கு.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து, ஒரு மாத்திரையை நிறுத்தி, இன்னொண்ணைத் திரும்பத் தொடங்கி, "நல்லா சாப்பிடக் கொடுங்க, திண்ணையில உட்கார வைங்க"ன்னாங்க. பத்துப் பதினைந்து நாள்ல பெரியம்மா திரும்பவும் சுவத்து அழுக்கைப் பேச ஆரம்பிச்சுது. இதுல எது முக்கியக் காரணம்னு கேட்டதுக்கு, "எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்"னாங்க.

இப்போ பாக்குக்குச் சொன்ன அந்த மூணையும் திரும்பப் பாருங்க. காயம், மருந்து, ஏற்கனவே இருந்த நோய். அதோட எங்க அப்பாயிகிட்ட இருந்து நாலாவதா ஒண்ணு, இருட்டும் தனிமையும். பெரியம்மாவுக்குக் காயம் நல்லாத்தான் இருந்துச்சு. மத்த மூணும் வேலை செஞ்சிருக்கு.

வெளியூர்ல இருந்துக்கிட்டு ஊர்ல அம்மா அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் பண்ணி வைக்கிற பிள்ளைகளுக்காகச் சில விஷயம் சொல்றேன். என் மகளும் சரி பார்த்துத்தான் எழுதச் சொன்னா.

போன்ல "கண் தெரியுதாம்மா?"ன்னு கேட்டுட்டு வச்சிடாதீங்க. எத்தனை மாத்திரை சாப்பிடுறே, எந்த நாள் வரைக்கும் எழுதியிருக்காங்க, பழைய பிரஷர், சர்க்கரை மாத்திரையைத் திரும்ப ஆரம்பிச்சாச்சான்னு கேளுங்க. நிறுத்தச் சொல்ற மாத்திரையும் தொடரச் சொல்ற மாத்திரையும் தேதியோட ஒரு தாள்ல எழுதி சுவத்துல ஒட்டச் சொல்லுங்க.

சொட்டு மருந்துதானேன்னு நினைக்காதீங்க. கண்ணுல விட்ட சொட்டு மூக்கு வழியா இறங்கி ரத்தத்துல கலக்கும். கண் அழுத்தத்துக்கு விடுற டிமோலால்னு ஒரு சொட்டு மருந்து இருக்கு. நல்ல மருந்துதான். ஆனா சிலருக்கு நாடித் துடிப்பைக் குறைக்கும், தள்ளாட வைக்கும், ஆஸ்துமா இருந்தா மூச்சையே அடைக்கும். மூச்சுக் கோளாறோ இதயக் கோளாறோ இருந்தா கண் டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லணும். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டின கண் ஓரத்தை ரெண்டு நிமிஷம் மெதுவா அழுத்திக்கிட்டா உள்ளே இறங்குறது குறையும். அதுக்காக எந்த மருந்தையும் நீங்களா நிறுத்தாதீங்க. கேட்டுட்டுத்தான் நிறுத்தணும்.

ஆபரேஷன் பண்ணின கண் சிவந்து வலிச்சாலோ, தெளிஞ்ச பார்வை திரும்ப மங்கினாலோ அன்னைக்கே போகணும், மறுநாள்னு தள்ளக் கூடாது. வாய் கோணினா, பேச்சு குழறினா, ஒரு பக்கக் கை கால் விழுந்தா 108ஐக் கூப்பிடுங்க. அதைக் கண்ணோட கணக்குல சேர்க்காதீங்க.

இன்னொண்ணும் உண்மை. 75 வயசுல ஆபரேஷன் பண்ணிக்கிற பத்துப் பேர்ல யாருக்காவது வேற நோய் அந்தச் சமயத்துல தலைகாட்டத்தான் செய்யும். கண்ணுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லாம இருக்கலாம். அப்படி இருந்தாலும் பார்த்தாத்தானே தெரியும்? கண் மேல பழியைப் போட்டு வீட்டுல வச்சுக்கிட்டா, குணமாகிற நோயும் சேர்ந்து ஒளிஞ்சுக்கும்.

நாத்தைப் பறிச்சு நட்டா நாலஞ்சு நாள் துவண்டுதான் கிடக்கும். அது இயல்பு. வாரத்துக்குள்ள பச்சை பிடிச்சிரணும். பத்துப் பன்னிரண்டு நாளாகியும் பச்சை பிடிக்கலைன்னா, 'பழைய நாத்து, அப்படித்தான்'னு எந்த விவசாயியும் வரப்புல உட்கார மாட்டான். இறங்கி ஒரு முதலைப் பிடுங்கி வேரைப் பார்ப்பான், தண்ணி நிக்குதா பார்ப்பான், என்ன உரம் எப்போ போட்டோம்னு கணக்குப் பார்ப்பான். ஆபரேஷன் முடிஞ்ச பெரியவங்களுக்கும் அதே கணக்குத்தான்.

மேலத் தெருக்காரருக்கும் இன்னாரோட மாமியாருக்கும் என்ன நடந்துச்சுன்னு இனிமே யாராலும் சொல்ல முடியாது. அவங்க என்ன மாத்திரை சாப்பிட்டாங்கன்னு ஒரு துண்டுச் சீட்டு கூட வீட்டுல இல்ல. அடுத்த முகாம் வேன் வர்றப்போ எங்க தெருக் கிழவிகளை ஏத்தி விடலாம்னு இருக்கேன். பெரியம்மாவே முன்னாடி உட்கார்ந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கு. திரும்பி வந்ததும் ஆளுக்கொரு நோட்டு. என்னைக்கு என்ன மருந்து, என்ன சாப்பிட்டாங்க, எப்படித் தூங்கினாங்கன்னு பள்ளிக்கூடம் படிக்கிற பேரப் பிள்ளைகளை எழுத வைக்கணும். ரெண்டு நோட்டும் ஏற்கனவே வாங்கி வச்சாச்சு.